பாஸ் வாசிக்க ஆளே இல்ல, ஆனா பாஸ் கேக்குது! ஜிம்மி ஸ்மித் ட்ரியோ எப்படி வாசிச்சாங்க?

வணக்கம் மக்களே! ஹெட்ஃபோன் இருந்தா எடுத்து மாட்டிக்கோங்க. 1957 நவம்பர்ல, நியூயார்க் ஹார்லெம்ல இருந்த ஸ்மால்ஸ் பாரடைஸ் கிளப்ல லைவ்வா பதிவான ‘இண்டியானா’ங்கிற ஜாஸ் டியூனக் கேளுங்க. அடியில பாஸ், அதாவது கனமான கீழ் நோட்டுகளோட லைன், ஒரு நொடி கூட நிக்காம ஓடுது. ஆனா மேடையில மூணே பேர்: ஹேமண்ட் ஆர்கன்ல (ரெண்டு கீபோர்டும் கால் பெடலும் இருக்கிற எலெக்ட்ரிக் ஆர்கன்) ஜிம்மி ஸ்மித், கிட்டார்ல எடி மெக்ஃபேடன், டிரம்ஸ்ல டொனால்ட் பெய்லி. பாஸ் வாசிக்கத் தனியா யாருமே இல்ல.

ப்ளூ நோட் கம்பெனி இத ரெண்டு எல்பியா வெளியிட்டது. ‘லாரா’, ‘லவர் மேன்’, ‘பாடி அண்ட் சோல்’னு எல்லாரும் வாசிக்கிற ஸ்டாண்டர்ட்ஸ்தான் நிறைய. சரி, விஷயத்துக்கு வருவோம்.

(திரையில்: ஹேமண்ட் பி-3 மாடல் ஆர்கன், மேலிருந்து)

ஆர்மோனியத்துல ஒரு கை துருத்திக்குப் போயிடும், ஒரு கைதான் கட்டையில இருக்கும். இதுல ரெண்டு கை, ரெண்டு கால், நாலுக்கும் வேலை. மேல் கீபோர்டுல வலது கை சோலோ. கீழ் கீபோர்டுல இடது கை வாக்கிங் பாஸ், அதாவது தட்டுக்கு ஒரு நோட்டா நடந்து போற பாஸ். வலது கால் வால்யூம் பெடல்ல. இடது கால் 25 பாஸ் பெடல் மேல.

பாஸ் முழுக்க கால்லதான் வருதுன்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. வேகமான பாட்டுல அப்படி இல்ல. லைன் முழுக்க இடது கைதான். கால் அங்கங்க பெடலை ஒரு தட்டு தட்டிட்டு உடனே எடுத்துடும். அந்தத் தட்டுதான் டபுள் பாஸ் கம்பிய விரலால சுண்டுன மாதிரி ‘டும்’னு ஒரு அழுத்தம் குடுக்குது. பெடலை அழுத்தியே வெச்சிருந்தா நோட்டெல்லாம் ஒண்ணோட ஒண்ணு குழம்பிடும். ஆனா மெதுவான பேலட்ல ஜிம்மி ஸ்மித் பாஸையே காலுக்கு மாத்திடுவார். இடது கை கார்டு (சேர்ந்து ஒலிக்கிற நோட்டுகள்) பிடிக்க ஃப்ரீ ஆயிடும். எனக்கு இந்த ரெக்கார்டிங்ல ரொம்பப் பிடிச்ச இடமே இதுதான்!

இப்ப அந்த டோன். கையில ஆர்கனோ, ஹேமண்ட் சாஃப்ட்வேரோ இருந்தா கூடவே செஞ்சு பாருங்க. மேல் கீபோர்டுக்கு 9 டிராபார், அதாவது டோனைக் கலக்குற இழுவைக் கம்பிகள், இருக்கும். ஒவ்வொண்ணும் 0-ல இருந்து 8 வரைக்கும். முதல் மூணையும் 8 வரைக்கும் இழுங்க, மீதி ஆறும் உள்ளேயே இருக்கட்டும். சத்தத்த லேசா அலையவிடுற வைப்ரேட்டோ குமிழ் சி-3-ல. அப்புறம் நோட்டோட ஆரம்பத்துல ‘டிங்’னு ஒரு தட்டு சேர்க்குற பெர்கஷன் ஆன், வால்யூம் சாஃப்ட், டீகே ஃபாஸ்ட், ஹார்மோனிக் தேர்ட். இடது கை பாஸுக்கு கீழ் கீபோர்டுல முதல் மூணு டிராபாரை 8-3-8னு வைங்க.

‘எல்லாம் வெச்சாச்சு, அந்த டிங் சத்தம் மட்டும் வரல’ன்னு கேக்குறீங்களா? பெர்கஷன் முதல் நோட்டுக்கு மட்டும்தான் அடிக்கும். எல்லா விரலையும் எடுத்தாதான் திரும்ப அடிக்கும். பியானோ பழக்கத்துல நோட்டை இழைச்சு வாசிச்சா அது வரவே வராது. ஒவ்வொரு நோட்டையும் நறுக்குன்னு விட்டு எடுங்க. அப்படியும் வரலைன்னா, மேல் கீபோர்டோட இடது ஓரத்துல கலர் மாத்தி இருக்கிற ப்ரீசெட் கட்டைகள்ல ‘பி’ அமுங்கியிருக்கான்னு பாருங்க. அதுல மட்டும்தான் பெர்கஷன் வேலை செய்யும். இன்னொண்ணு, பெர்கஷன் ஆன்ல இருக்கும்போது ஒன்பதாவது டிராபார்ல சத்தம் வராது. அது ரிப்பேர் இல்ல, டிசைனே அப்படித்தான்.

கட்டைய அமுக்குற நொடியில ‘டிக்’குன்னு ஒண்ணு கேக்கும் பாருங்க, கீ கிளிக். ஒவ்வொரு கட்டைக்கும் அடியில 9 கான்டாக்ட் இருக்கு. எல்லாம் ஒரே நொடியில சேராது, அதனால வர்ற சத்தம் அது. ஹேமண்ட் கம்பெனி இத ஒரு குறையாத்தான் பாத்தது. ஜாஸ்காரங்களுக்கோ அதுதான் உயிர். என்னக் கேட்டா, அந்த டிக் இல்லாத ஆர்கன் சோலோ பாதி சோலோதான்.

கடைசியா, அமெரிக்காவுல இருந்து பழைய பி-3 வரவழைக்கணும்னு ஆசைப்படுறவங்களுக்கு. உள்ள 91 டோன்வீல், அதாவது சத்தத்த உண்டாக்குற சக்கரங்கள், சுத்துது. சுத்துற வேகம் கரண்ட்டோட ஃப்ரீக்வென்சியப் பொறுத்தது. அங்க 60 ஹெர்ட்ஸ், இங்க 50. அப்படியே சொருகினா சுருதி மூணு செமிடோனுக்கு மேலயே இறங்கிடும். ஸ்டெப்-டவுன் ட்ரான்ஸ்ஃபார்மர் வோல்டேஜை மட்டும்தான் மாத்தும், ஃப்ரீக்வென்சிய மாத்தாது. அதுக்குத் தனியா கன்வர்ட்டர் வேணும். ஆன் பண்றப்போ ஸ்டார்ட் ஸ்விட்சை 8 செகண்ட் பிடிங்க, அத விடாமலே ரன் ஸ்விட்சைப் போட்டு இன்னும் 4 செகண்ட் கழிச்சு விடுங்க. அவசரப்பட்டா மோட்டார் வேகம் பிடிக்காது.

‘பாடி அண்ட் சோல்’ கேட்டுட்டு, பாஸ் கால்ல வருதா கையில வருதான்னு கமெண்ட்ல எழுதுங்க. எந்த நிமிஷம்னும் போடுங்க, நான் படிப்பேன்.