ஆற்றில் போட்டாலும் அளந்து போடு

அவைத் தலைவர் அவர்களே, ஆயிரம் வேலைக்கு நடுவிலும் வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மேயர் அவர்களே, பின்னால் இடமில்லாமல் நின்றுகொண்டிருக்கும் மாணவர்களே, எல்லோருக்கும் வணக்கம். எனக்கு முன்னால் பேசிய பேராசிரியர் அம்மா, நான் குறித்து வைத்திருந்ததில் பாதியைச் சொல்லிவிட்டார். என் வேலையைக் குறைத்ததற்கு அவருக்குத் தனியாக ஒரு நன்றி.

நகரத்து ஆற்றை மீட்பது பற்றி மூன்று விஷயங்கள் பேச வந்தேன். தண்ணீர், கரை, பணம். முதலில் தண்ணீர். 'ஆற்றில் போட்டாலும் அளந்து போடு' என்றார்கள் பெரியவர்கள். நாம் ஆற்றில் போடாத பொருளே கிடையாது. அளக்கத்தான் இல்லை.

பத்து ஆண்டுகளில் சிங்கப்பூர் ஆற்றிலும் காலாங் ஆற்றிலும் மீன் பிடிக்க முடிய வேண்டும் என்று 1977இல் சொன்னார் அப்போதைய சிங்கப்பூர் பிரதமர் லீ குவான் இயூ. பன்றிப் பண்ணை, வாத்துப் பண்ணை, கரையோரக் கடைகள், சரக்குப் படகுகள் எல்லாம் இடம் மாறின. படகுக்காரர்கள் மனமில்லாமல்தான் போனார்கள், அதையும் சொல்ல வேண்டும். 1987இல் வேலை முடிந்தது. அழுக்கு எங்கிருந்து வருகிறது என்று பார்த்து, அங்கே கை வைத்தார்கள்.

தென் கொரியாவின் சியோல் நகரத்தில் சியோங்கேசியோன் ஓடையை மூடியிருந்த சாலையையும் மேம்பாலத்தையும் பெயர்த்து 2005இல் திறந்தார்கள். சுமார் 5.8 கிலோமீட்டர். பார்க்க அழகுதான். ஆனால் ஓடுவதில் பெரும்பகுதி ஹான் ஆற்றிலிருந்து பம்பு வைத்து இறைப்பது. மோட்டார் நின்றால் ஓடையும் நிற்கும்.

சரி, என் கதைக்கு வருகிறேன். ஒரு கோடைக்காலக் காலையில் நாலைந்து பேர் சாக்குக்கட்டியோடு கரையில் நடந்தோம். குழாய் வாயைக் கண்ட இடமெல்லாம் எண் எழுதினோம். ஒரு கிலோமீட்டர் தாண்டுவதற்குள் சாக்குக்கட்டி தீர்ந்துவிட்டது. ஒரு குழாயின் மேல் 'மழைநீர் வடிகால்' என்று எழுதியிருக்கிறது. மூன்று வாரமாகப் பொட்டு மழை இல்லை. குழாயிலிருந்து கொட்டுகிறது. கூட வந்த அதிகாரி வரைபடத்தை விரித்தார், மடித்தார், மறுபடி விரித்தார். 'மழைத் தண்ணீர்தான் சார்' என்றார். எங்களோடு வந்த பையன் வானத்தை அண்ணாந்து பார்த்தான். கீழே குனிந்து நுரையைப் பார்த்தான். 'தாத்தா, எங்க வீட்டு வாஷிங் மெஷின் வாசனை வருது' என்றான். அதிகாரியே சிரித்துவிட்டார். நல்ல மனிதர், மறுநாள் அவரே போன் செய்து அடுத்த நடை எப்போது என்று கேட்டார்.

மழையில்லாத நாளில் மழைநீர் வடிகால் ஓடினால் அது கழிவுநீர் என்றுதான் முதலில் சந்தேகப்பட வேண்டும். எங்கோ ஒரு வீட்டுக் குழாயைத் தப்பான இடத்தில் சேர்த்திருப்பார்கள். அது சுத்திகரிப்பு நிலையத்தின் பக்கமே போகாது. ஆகவே மேயர் அவர்களே, பூங்காவும் நடைபாதையும் பிறகு வரட்டும். ஒவ்வொரு குழாய் வாய்க்கும் ஓர் எண் கொடுங்கள். மாதம் ஒருமுறை அளந்து, அங்கேயே பலகையில் எழுதுங்கள். இருபது வருடத் திட்டத்துக்கு நடுவே எத்தனையோ மேயர்கள் மாறுவார்கள், மன்னிக்க வேண்டும், ஆனால் குழாயின் எண் மாறாது. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு!

தலைவர் மணியைத் தொடுகிறார். கரையும் பணமும் இன்னொரு கூட்டத்துக்கு. வாசலில் மேஜைமேல் நோட்டு இருக்கிறது, பெயர் எழுதுங்கள். ஞாயிறு காலை ஆறு மணி. பழைய செருப்பு போட்டுக்கொண்டு வாருங்கள். இந்த முறை சாக்குக்கட்டி இல்லை, பெயின்ட் வாங்கிவிட்டோம்.