கேட்கிற ஆள் யார்?

நண்பர்களே, பண்புசார் ஆய்வேடுகளில், அதாவது எண்களைவிட நேர்காணலையும் கள அனுபவத்தையும் நம்பும் ஆய்வேடுகளில், முறையியல் இயலில், இப்போதெல்லாம் ஒரு பத்தி தவறாமல் வந்துவிடுகிறது. 'நான் பெண், நடுத்தர வர்க்கம், நகரத்தில் வளர்ந்தவள். இவை என் பார்வையைப் பாதித்திருக்கக்கூடும்.' எந்த நேர்காணலில், எந்தப் பதிலில், எப்படிப் பாதித்தது? தேடினாலும் கிடைக்காது. வாசலில் அடையாள அட்டையைக் காட்டிவிட்டு உள்ளே போவது போன்ற சடங்கு அது. ஆய்வாளர் தான் ஆய்வை எப்படிப் பாதிக்கிறார் என்று கவனிப்பதுதான் தன்னுணர்வு. இந்தச் சடங்கை அப்படி என்னால் ஏற்க முடியவில்லை.

ரெனேட்டோ ரொசால்டோ என்ற மானிடவியலாளர் பிலிப்பைன்ஸின் லூசோன் தீவில் இலோங்கோட் மக்களிடையே ஆய்வு செய்தார். அவர்களிடம் தலைவேட்டைப் பழக்கம், அதாவது மனிதரைக் கொன்று தலையை வெட்டும் பழக்கம், இருந்தது. ஏன் என்று கேட்டால், சாவுத் துக்கத்தில் பிறக்கும் ஆத்திரம்தான் காரணம் என்று சுருக்கமாகச் சொல்லிவிடுவார்கள். ரொசால்டோவுக்கு அது விளக்கமாகவே படவில்லை. ஒரு சாவுக்கு இன்னொரு சாவு ஈடாகிறதோ என்று கோட்பாடு தேடினார். அவர்களிடமே கேட்டும் பார்த்தார். அப்படி யாராவது நினைக்கலாம், நாங்கள் நினைப்பதில்லை என்றார்கள்.

1981இல், லூசோனிலேயே களப்பணியில் இருந்தபோது, அவர் மனைவி மிஷெல் ரொசால்டோ தவறி விழுந்து இறந்தார். அவரும் மானிடவியலாளர். அந்த இழப்பில் தனக்குள் மூண்ட ஆத்திரத்தைக் கண்ட பிறகுதான், இலோங்கோட் மக்கள் சொன்னதன் கனம் ரொசால்டோவுக்குப் பிடிபட்டது. களக்குறிப்பில் இருந்த வார்த்தைகள் அப்படியேதான் இருந்தன. கேட்டவர்தான் வேறு ஆளாகியிருந்தார்.

துக்கத்தை ஆராய நாமும் யாரையாவது இழந்திருக்க வேண்டும் என்று இதற்குப் பொருள் கொள்ளாதீர்கள். தன் ஆத்திரமும் அவர்களுடையதும் ஓரளவே ஒன்றின்மேல் ஒன்று படிகின்றன, இரண்டும் ஒன்றல்ல என்று ரொசால்டோவே எச்சரித்திருக்கிறார். பலர் இதை விட்டுவிட்டு முதல் பாதியை மட்டும் மேற்கோள் காட்டுகிறார்கள்.

சரி, அன்றாட ஆய்வு வேலையில் இந்தத் தன்னுணர்வை எப்படிக் கொண்டுவருவது? கல்வி ஆய்வாளர் ஆலன் பெஷ்கின் 1988இல் வெளியிட்ட கட்டுரை ஒரு வழி காட்டுகிறது. பல இனத்தவர் சேர்ந்து படித்த ஓர் அமெரிக்கப் பள்ளியை ஆராய்ந்தபோது, தனக்குள் உற்சாகமோ வெறுப்போ எழுந்த கணங்களையும், எதைத் தவிர்க்கத் தோன்றியது என்பதையும் அவர் அவ்வப்போது குறித்துக்கொண்டார். தன்னை அன்பாக வரவேற்ற மனிதர்களைப் பற்றிய தீர்ப்பு மென்மையாகிவிடுவதும் அதில் சிக்கியது. ஆய்வு முடிந்தபின் நினைவிலிருந்து எழுதினால் இது அகப்படாது. நினைவு நமக்குச் சாதகமாகவே பேசும்.

நான் மாணவர்களிடம் கேட்பது இன்னும் எளிது. நேர்காணல் எழுத்துப்படியில் தகவலாளர் பேச்சை மறைத்துவிட்டு, உங்கள் வரிகளை மட்டும் வாசியுங்கள். எங்கே குறுக்கிட்டீர்கள், எந்தப் பதிலுக்குப் பின் துணைக்கேள்வி கேட்காமல் அடுத்ததற்குத் தாவினீர்கள் என்பது தெரிந்துவிடும்.

அந்தப் பத்தி இருக்கட்டும். ஆனால் முறையியல் இயலில் முடங்க வேண்டாம். கண்டறிவுகள் இயலுக்குள், குறிப்பிட்ட மேற்கோளுக்குப் பக்கத்திலேயே, 'இங்கே நான் குறுக்கிட்டேன், அதன்பின் அவர் பேச்சை மாற்றினார்' என்று எழுதுங்கள்.