இருபது வயதுகளில் விருப்ப ஓய்வு

நண்பர்களே, பெரியோர்களே,

வேலை பறிபோனவருக்கு அரசு பொதுப்பணத்தைத் தரலாமா என்று யார் கேட்டாலும் எனக்கு ஸ்ரீபெரும்புதூர்தான் நினைவுக்கு வரும். நோக்கியா கைப்பேசி ஆலை அங்கே 2006-இல் உற்பத்தியைத் தொடங்கியது. சிப்காட் நிலம், சிறப்புப் பொருளாதார மண்டல வரிவிலக்கு, மாநில அரசு திருப்பிக் கொடுத்த விற்பனை வரி என்று பொதுப்பணம் தாராளமாகவே போய்ச் சேர்ந்தது. அதை நான் குறை சொல்லவில்லை. ஆயிரக்கணக்கானோருக்கு வேலை கிடைத்தது. அவர்களில் நிறையப் பேர் கிராமத்திலிருந்து வந்த இளம்பெண்கள். நாலைந்து பேராகச் சேர்ந்து அறை எடுத்துத் தங்கி, கம்பெனி பஸ்ஸில் ஷிப்டுக்குப் போய், வீட்டுக்குப் பணம் அனுப்பியவர்கள்.

அப்புறம் வருமான வரி வழக்கு வந்தது, சொத்துகள் முடக்கப்பட்டன. 2014-இல் கைப்பேசித் தொழிலை மைக்ரோசாப்ட் வாங்கியபோது இந்த ஆலை அதில் சேரவில்லை. நவம்பர் 1-ஆம் தேதி உற்பத்தி நின்றது. அதற்கு முன்பே ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோர் விருப்ப ஓய்வு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். பலருக்கும் முப்பது வயது ஆகவில்லை. வழக்கு நிறுவனத்துக்கும் வரித்துறைக்கும் இடையே நடந்தது. வேலை போனது இவர்களுக்கு.

சரி, இன்று ஒருவருக்கு வேலை போனால் என்ன கிடைக்கும்? ஆட்குறைப்பு இழப்பீடாக, பணிபுரிந்த ஆண்டுக்கு 15 நாள் சம்பளம். ஆறு ஆண்டு உழைத்தவருக்கு 90 நாள் சம்பளம். அதை முதலாளி தர வேண்டும். அடுத்து, தொழிலாளர் காப்பீடான இஎஸ்ஐ-யில், வேலை இழந்தவருக்கு உதவித்தொகை தர 2018-இல் வந்த அடல் பீமித் வியக்தி கல்யாண் யோஜனா என்ற திட்டம். சராசரி ஊதியத்தில் 25 சதவீதம் என்று இருந்ததைக் கொரோனா காலத்தில் 50 ஆக்கினார்கள். அதுவும் 90 நாளுக்குத்தான், வாழ்நாளில் ஒரே முறைதான். இந்தப் பணம் எங்கிருந்து வருகிறது தெரியுமா? தொழிலாளியின் ஊதியத்தில் பிடிக்கும் 0.75 சதவீதமும் முதலாளி கட்டும் 3.25 சதவீதமும் சேர்ந்த நிதியிலிருந்து. அரசு கஜானாவைத் தொடவே இல்லை, அதற்குள் 'மக்கள் வரிப்பணம் வீணாகிறது' என்கிறார்கள்!

எனக்கு மிகவும் வலிப்பது இன்னொன்று. விருப்ப ஓய்வில் போனவருக்கு அந்தத் திட்டத்தில் ஒரு பைசாவும் கிடையாது. கையெழுத்துப் போடச் சொல்லி நெருக்கினாலும், கதவை மூடப்போகிறோம் என்று சொல்லியே எழுதி வாங்கினாலும், தாளில் இருப்பது விருப்பம்தானே!

உட்கார்ந்து சாப்பிடப் பழகிவிடுவார்கள் என்று ஒரு வாதம். 18,000 வாங்கியவருக்குப் பாதி என்றால் 9,000. வாடகை, பள்ளிக் கட்டணம், நகைக்கடன் வட்டி எல்லாம் போக இதில் எதைச் சாப்பிட்டு உட்காருவது? இரண்டு மாதம் தாக்குப்பிடிக்க முடியாதவர் முதலில் கிடைத்த கூலிக்குப் போய்விடுகிறார். ஐந்து ஆண்டு கற்ற கைவேலை அதோடு போகிறது. அது நாட்டுக்கும் நஷ்டம்.

இன்னொரு கேள்வி நியாயமானது. ஒப்பந்தத் தொழிலாளிக்கும் கட்டட வேலைக்காரருக்கும் ஒன்றும் இல்லாதபோது, ஆலைத் தொழிலாளிக்கு மட்டும் ஏன்? எனக்கும் அது உறுத்துகிறது. ஆகவே பொதுப்பணம் முதலில் போக வேண்டியது அவர்களிடம்தான். நிரந்தரத் தொழிலாளிக்கு இழப்பீடாவது உண்டு. 240 நாள் முடியும் முன்பே நிறுத்தப்படுபவருக்கு அதுவும் இல்லை.

நம் நாட்டில் இதைச் செய்தே இருக்கிறார்கள். மூடிய தனியார் நூற்பாலைத் தொழிலாளர்களுக்கு 1986-இல் மத்திய அரசு ஒரு மறுவாழ்வு நிதி ஏற்படுத்தியது. முதல் ஆண்டு ஊதியத்தில் 75 சதவீதம், அடுத்த ஆண்டு 50, மூன்றாம் ஆண்டு 25. அதைப் போன்ற ஒன்றை எல்லாத் தொழிலுக்கும் அரசுப் பணத்தில் கொண்டுவர வேண்டும். ஆலை மூடப்படும்போது எழுதி வாங்கிய ராஜினாமாவை ஆட்குறைப்பாகவே கணக்கிட வேண்டும். ஒப்பந்தத் தொழிலாளிக்கு இந்த உதவி கிடைக்க, வருகைப் பதிவேட்டில் பெயர் இருந்தாலே போதும் என்று வைக்க வேண்டும். ஒரு கம்பெனிக்கு நிலமும் வரிச்சலுகையும் தரும் ஒப்பந்தத்திலேயே, மூடினால் தொழிலாளருக்கு எவ்வளவு, எந்தத் தேதிக்குள் என்பதையும் எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும்.