பிள்ளை வாய் திறந்த அன்றே
(மும்பை தாராவியில், மாநகராட்சிப் பள்ளித் தமிழ்ப் பெற்றோர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒன்று வீட்டுக்கு வந்து, "சார் அடிக்கிறார்" என்றோ "கக்கூஸைப் பூட்டியே வைச்சிருக்காங்க" என்றோ சொல்கிறது. அந்த ஒரு வார்த்தைக்கு அது எத்தனை நாள் மனசுக்குள் மருகியிருக்கும்! அதன் பங்கு அதோடு முடிந்தது தாய்மார்களே. மிச்சம் பெரியவர்கள் பாடு.

அதை நாம் கெடுத்துவிடுகிறோம். "நீ என்ன சேட்டை பண்ணினே?" என்று பிள்ளையையே மடக்குகிறோம். இல்லாவிட்டால் அப்பா பள்ளி வாசலில் போய்ச் சத்தம் போடுகிறார். அடி வாங்கிய பேச்சு போய், சத்தம் போட்ட பேச்சுதான் நிற்கும். மறுநாள் அதே வகுப்பில் போய் உட்காரவேண்டியது பிள்ளை அல்லவா?

அன்று இரவே எழுதி வையுங்கள்: தேதி, நேரம், இடம், யார், என்ன நடந்தது. பிள்ளை சொன்ன சொல்லிலேயே இருக்கட்டும். கோபத்தில் நீங்கள் கூட்டி எழுதும் ஒரு வரி, விசாரணையில் பிள்ளை சொன்னதையே சந்தேகப்பட வைக்கும். மனு ஒரு பக்கம் போதும். மராத்தியில் எழுத வையுங்கள், தமிழில் மட்டும் கொடுத்தால் படிக்க ஆள் தேடியே நாள் ஓடிவிடும். இரண்டு பிரதி எடுங்கள். ஒன்று தலைமையாசிரியருக்கு, இன்னொன்றில் முத்திரையும் தேதியும் இன்வர்ட் நம்பரும் (மனு வந்ததற்கான பதிவு எண்) போட்டு வாங்கிக்கொண்டுதான் படியிறங்க வேண்டும். அதே வகுப்புத் தாய்மார் நாலைந்து பேர் சேர்ந்து கையெழுத்திட்டுப் போனால், ஒரு பிள்ளைமேல் மட்டும் கண் விழாது.

2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆவது பிரிவு, அடிப்பதையும் மனம் நோகப் பேசித் துன்புறுத்துவதையும் தடை செய்கிறது. ஆண், பெண் பிள்ளைகளுக்குத் தனித்தனிக் கழிவறை வேண்டும் என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது. 32ஆவது பிரிவின்படி உள்ளாட்சி அமைப்பிடம் எழுத்தில் புகார் கொடுத்தால் 3 மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். திருப்தி இல்லையென்றால் மாநிலக் குழந்தைகள் உரிமை ஆணையத்துக்குப் போகலாம்.

பாலியல் தொல்லை என்றால் மேலே சொன்ன எதுவும் பொருந்தாது. மனு வேண்டாம், ஊர்ப் பெரியவர்களை வைத்துப் பேசி முடிக்கவே வேண்டாம். பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி, தெரிந்தவர் போலீஸில் சொல்லியே ஆகவேண்டும். மறைத்தால் அதுவே குற்றம். பிள்ளையை ஸ்டேஷனுக்கு இழுத்துப் போகத் தேவையில்லை. வீட்டிலேயே, சீருடை இல்லாமல், கூடியவரை பெண் அதிகாரி வந்து வாக்குமூலம் எழுத வேண்டும். பிள்ளையின் பெயரையோ படத்தையோ நியாயம் கேட்கிறேன் என்று வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன்.

இங்கே வந்திருக்கும் பிள்ளைகளே, 1098 என்பது குழந்தைகளுக்கான இலவச உதவி எண். நீங்களே கூப்பிடலாம், இரவு பகல் எந்நேரமும். தோழி சொல்லப் பயந்தால், கூடப் போய்ப் பக்கத்தில் நில்லுங்கள். அந்தத் துணையே அவளைப் பேச வைக்கும்.

கடைசியாக, பள்ளி மேலாண்மைக் குழு. அதில் முக்கால் பங்கு பெற்றோர், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள் என்பது சட்டம். பேருக்குக் குழு இருந்து, கையெழுத்துக்கு மட்டும் கூட்ட நோட்டு வீடு தேடி வந்தால் திருப்பி அனுப்புங்கள். கூட்டத்துக்குப் போய், கழிவறைச் சாவி யாரிடம், எத்தனை மணிக்குத் திறக்கிறார்கள், தண்ணீர் வருகிறதா என்று கேளுங்கள். பதிலை அந்த நோட்டில் எழுத வைத்து, படித்துப் பார்த்தபிறகு கையெழுத்துப் போடுங்கள்.