வியர்வை காய வேண்டும்

(இராமநாதபுரம் மாவட்டம் வாலிநோக்கம் பக்கத்து உப்பளத் தொழிலாளர்களும் மீனவக் குடும்பங்களும் கூடிய கூட்டத்தில், மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, தாய்மார்களே, மீன்பிடித் தடைக்காலத்தில் படகைக் கரையேற்றிப் பழுது பார்த்துக்கொண்டிருக்கும் தம்பிமார்களே, வணக்கம்.

கத்திரி வெயில் பிறக்க இன்னும் சில நாட்கள் இருக்கின்றன. அதற்குள்ளாகவே மயக்கம், தலைசுற்றல், கால் பிடிப்பு என்று வருகிறவர்கள் கூடிவிட்டார்கள். அவர்களில் பலர் என்னிடம் கேட்பது ஒரே கேள்வி: "வியர்வை ஆறாக ஓடியதே டாக்டர், உடம்புச் சூடு இறங்கியிருக்க வேண்டுமே?" இன்று அதற்குப் பதில் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

நம் உடம்பின் உட்சூடு 37 டிகிரி செல்சியஸை ஒட்டியே இருக்க வேண்டும். மூளையின் அடிப்பகுதியில் ஹைப்போதலாமஸ் என்ற சிறு பகுதி அதைக் காவல் காக்கிறது. சூடு சற்று ஏறியதும் அது இரண்டு வேலைகளைச் செய்கிறது. தோலுக்குப் போகும் இரத்தக் குழாய்களை அகலமாகத் திறந்துவிடுகிறது. உள்ளேயிருக்கும் சூட்டை இரத்தம் தோலுக்குச் சுமந்து வருகிறது. கூடவே, தோல் முழுவதும் பரவிக்கிடக்கும் 20 லட்சம் முதல் 40 லட்சம் வரையிலான வியர்வைச் சுரப்பிகளை முடுக்கிவிடுகிறது.

வியர்வை வெளியே வருவதால் மட்டும் உடம்பு குளிர்ந்துவிடாது. தோலின் மேல் இருக்கும் வியர்வை ஆவியாகும்போதுதான் சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. ஒரு லிட்டர் வியர்வை முழுவதும் ஆவியானால் சுமார் 580 கிலோ கலோரி வெப்பம் போய்விடும். பாத்தியில் இறங்கி உப்பு வாருவது போன்ற கடின வேலையில் மணிக்கு 300, 400 கிலோ கலோரி வெப்பம் உடம்புக்குள்ளேயே பிறக்கிறது. கணக்குப்படி முக்கால் லிட்டருக்கும் குறைவான வியர்வை அதைத் தீர்த்துவிட வேண்டும். வெயில் மேலிருந்து தருவதும், வெள்ளை உப்பில் பட்டுக் கீழிருந்து திரும்பி முகத்தில் அடிப்பதும் தனி. ஆனால் சொட்டிய வியர்வை எதையும் தீர்ப்பதில்லை. முழங்கையிலிருந்து பாத்தியில் விழும் ஒவ்வொரு துளியும் உடம்புக்கு நட்டம்தான். தண்ணீரும் போயிற்று, உப்பும் போயிற்று, சூடு மட்டும் உள்ளேயே தங்கிவிட்டது.

வீட்டு மண்பானையை நினைத்துப் பாருங்கள். வறண்ட கச்சான் காற்று அடிக்கும் நாளில் அந்தத் தண்ணீர் பல்லைக் கூச வைக்கிறது. காற்று அசையாமல், கடலின் ஈரம் தெருவெல்லாம் தேங்கி நிற்கும் நாளில் அதே பானைத் தண்ணீர் வெதுவெதுப்பாகவே கிடக்கிறது. ஏற்கெனவே நீராவி நிறைந்த காற்று, பானை கசியவிடும் ஈரத்தை வாங்கிக்கொள்வதில்லை. நம் தோலுக்கு நேர்வதும் இதுதான்.

இதை ஆராய்ந்தவர்கள் உண்டு. பிரிட்டிஷ் மருத்துவர் சார்லஸ் பிளாக்டன், தண்ணீர் கொதிக்கும் வெப்பத்தையும் தாண்டிய சூடான அறைக்குள் நண்பர்களோடு சில நிமிடங்கள் இருந்து பார்த்து, 1775-இல் அதை எழுதி வெளியிட்டார். அந்த அறையில் வைத்த இறைச்சி வெந்தது. மனிதர்கள் நலமாக வெளியே வந்தார்கள். உலர்ந்த காற்று வியர்வையை உடனுக்குடன் வாங்கிக்கொண்டதுதான் காரணம்.

அதனால்தான், "உள்ளூரில் 33 டிகிரிதானே, மற்ற ஊர்களில் 40 அடிக்கிறதே" என்று ஆறுதல் கொள்ளாதீர்கள் என்கிறேன். வெப்பமானியின் குமிழில் ஈரத்துணி சுற்றி அளப்பதற்கு ஈரக்குமிழ் வெப்பநிலை என்று பெயர். வியர்வையால் எவ்வளவு குளிர முடியும் என்பதை அது காட்டும். 40 டிகிரி வெயிலும் 20 சதவீத ஈரப்பதமும் இருக்கும் இடத்தில் அது சுமார் 23 டிகிரி. 33 டிகிரியும் 75 சதவீத ஈரப்பதமும் கொண்ட கடற்கரையில் சுமார் 29. ஈரக்குமிழ் 35 டிகிரியைத் தொட்டால் மனிதன் தாங்க மாட்டான் என்று 2010-இல் கணித்தார்கள். 2022-இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஆரோக்கியமான இளைஞர்களை வைத்து ஆராய்ந்தபோது, ஈரமான காற்றில் லேசான வேலைக்கே சுமார் 31 டிகிரியில் உட்சூடு கட்டுக்கடங்காமல் ஏறத் தொடங்கியது. நாம் 29-இல் நின்றுகொண்டு மண்வெட்டி பிடிக்கிறோம்.

உடம்புக்குப் பழகிக்கொள்ளும் திறமை உண்டு. ஒன்றிரண்டு வாரம் வெயிலில் படிப்படியாக வேலை செய்தால் வியர்வை சீக்கிரம் தொடங்கும், நிறைய வரும், அதில் உப்பு குறைந்திருக்கும். முதல் நாட்களில் கறுப்புச் சட்டை முதுகில் வெள்ளை வெள்ளையாகக் கோடு விழுகிறதே, அது உடம்பு இழந்த உப்பு. பழகப் பழக அந்தக் கோடு மங்கும். ஆகவே புதிதாக வருகிறவரையும், காய்ச்சலில் கிடந்து எழுந்தவரையும் முதல் நாளே முழு நேர வேலையில் இறக்காதீர்கள். கங்காணிமார்கள் இதைக் கட்டாயம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

தாகம் எடுக்கும் வரை காத்திருக்காமல், வேலை நேரத்தில் 15, 20 நிமிடத்துக்கு ஒரு டம்ளர் தண்ணீர் குடியுங்கள். மணிக்கணக்கில் வியர்க்கும்போது வெறும் தண்ணீர் மட்டும் போதாது. உப்பிட்ட நீராகாரம், மோர், எலுமிச்சைச் சாறு எல்லாம் நல்லவை. இரத்த அழுத்தத்துக்கு நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறவர்களும், இதய நோய், சிறுநீரக நோய் உள்ளவர்களும் டாக்டரிடம் அளவு கேட்டுக்கொள்ளுங்கள்.

இதைச் சொல்லும்போது அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் தாய்மார்கள் தலையைக் குனிந்துகொள்வதைப் பார்க்கிறேன். காரணம் எனக்குத் தெரியும். காலையில் ஐந்து மணிக்குக் குடித்த தேநீரோடு மதியம் வரை ஒரு வாய்த் தண்ணீர் தொடாமல் உப்பு சுமக்கிறீர்கள். கண்ணுக்கெட்டிய தூரம் வரை வெட்டவெளி. ஒதுங்க ஒரு மறைவு இல்லை. குடித்தால் போக வேண்டுமே என்று குடிக்காமலே இருந்துவிடுகிறீர்கள். சிறுநீர்க் கடுப்பும், நாளடைவில் சிறுநீரகக் கோளாறும் இதனால் வருகின்றன. உங்கள் மேல் எந்தக் குற்றமும் இல்லை. கழிப்பறை கட்டித் தராத இடத்தில் நின்றுகொண்டு "நிறையத் தண்ணீர் குடியுங்கள்" என்று சொல்வதற்கு எனக்கு நா கூசுகிறது.

இன்னொன்று, இது உயிர் போகிற காரியம். வெயிலில் வேலை செய்கிறவர் திடீரென்று உளறினாலோ, தள்ளாடினாலோ, காரணமில்லாமல் கோபப்பட்டாலோ, அது வெப்ப அதிர்ச்சியாக இருக்கலாம். உட்சூடு 40 டிகிரியைத் தாண்டியிருக்கக்கூடும். வியர்வை நின்றால்தான் ஆபத்து என்று நினைக்காதீர்கள். உழைக்கிறவர்களுக்கு வியர்த்துக்கொண்டிருக்கும்போதே இது வரும். உடனே நிழலுக்குத் தூக்கிச் செல்லுங்கள். சட்டையைத் தளர்த்தி, உடம்பு முழுவதும் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி, கிடைத்ததைக் கொண்டு விசிறுங்கள். நினைவு தப்பியவர் வாயில் தண்ணீரோ சோடாவோ ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாயில் போய்விடும். ஒருவர் 108-ஐ அழைக்கட்டும், மற்றவர்கள் ஊற்றுவதை நிறுத்த வேண்டாம். ஆம்புலன்ஸ் வரும் வரைக்கும் அவர் உயிர் உங்கள் கைக்குடத்தில் இருக்கிறது.

மே 1 அன்று கிராம சபை கூடுகிறது. பாத்திகளுக்கு நடுவே காற்று புகும் ஓலைக் கொட்டகை, அங்கே குடிதண்ணீர், பெண்களுக்குத் தண்ணீர் வசதியோடு கழிப்பறை, நடுப்பகலில் வேலைக்கு ஓய்வு. இந்த நான்கையும் தீர்மானமாக எழுதிக் கொண்டு வாருங்கள். இதெல்லாம் எதற்கு என்று யாராவது கேட்டால் மருத்துவக் காரணத்தை எடுத்துச் சொல்ல நானும் அங்கே வருகிறேன்.