விருந்தினர் வரும் இரவுகள்

அவையோருக்கு வணக்கம்.

விரைவில் தொடங்கவிருக்கும் சிறுகுழு ஜாஸ் கச்சேரிகளைப் பற்றிச் சில வார்த்தைகள் பேச வந்திருக்கிறேன். ஏற்பாடு எளிமையானது. பியானோ, டபுள் பேஸ் என்னும் பெரிய தந்தி வாத்தியம், டிரம்ஸ் வாசிக்கும் மூவர் தொடர் முழுவதும் மாறமாட்டார்கள். ஒவ்வொரு கச்சேரியிலும் ஒரு விருந்தினர் அவர்களோடு சேர்வார். ஒருமுறை சாக்ஸபோன், ஒருமுறை டிரம்பெட், ஒருமுறை குரல். விருந்தினரின் பெயரைப் பார்த்துத்தான் பெரும்பாலோர் டிக்கெட் வாங்குவார்கள். வாங்குங்கள். ஆனால் உங்கள் காது அந்த மூவரிடமும் இருக்கட்டும்.

அதிகம் சேர்ந்து வாசித்திராதவர்கள் ஒரே மேடையில் எப்படி ஒன்றுபட முடியும்? ஸ்டாண்டர்ட் எனப்படும் பழைய பாட்டுகள் இவர்கள் எல்லோருக்கும் மனப்பாடம். ஜாஸின் வேர்களில் ஒன்றான புளூஸ் வகைப் பாட்டு என்றால் பெரும்பாலும் 12 பார்களில், அதாவது 12 தாள அலகுகளில், ஒரு சுற்று முடியும். பழைய பாட்டுகளில் பலவற்றுக்கு 32 பார்கள். முதலில் மெட்டு, பிறகு அதே கார்டுகளின், அதாவது சேர்ந்தொலிக்கும் சுரக் கூட்டங்களின், வரிசையின் மேல் ஒவ்வொருவரின் மனோதர்மம், முடிவில் மீண்டும் மெட்டு. பொதுவாக முன்கூட்டித் தீர்மானமாவது இவ்வளவுதான்.

1962 செப்டம்பர் 26 அன்று பியானோ கலைஞரும் இசையமைப்பாளருமான டியூக் எலிங்டனும் சாக்ஸபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேனும் ஒரு ஒலிப்பதிவுக் கூடத்தில் சந்தித்தார்கள். எலிங்டனுக்கு 63 வயது; கோல்ட்ரேனுக்கு 36 வயது நிறைந்து மூன்றே நாட்கள். எலிங்டன் தன் பேஸ், டிரம்ஸ் கலைஞர்களோடு வந்தார். கோல்ட்ரேனும் தன்னுடையவர்களை அழைத்து வந்தார். பாட்டுக்குப் பாட்டு அவர்கள் மாறி மாறி வாசித்தார்கள். யார் வீட்டுக்காரர், யார் விருந்தினர் என்றே சொல்ல முடியாத பதிவு அது. அதில் 'இன் எ சென்டிமென்டல் மூட்' என்ற பாட்டைக் கேட்டுப் பாருங்கள். எலிங்டன் 1935இல் அமைத்த மெட்டு. பேஸ் வாசிப்பவர் எலிங்டனின் ஆள் ஆரன் பெல்; டிரம்ஸ் கோல்ட்ரேனின் ஆள் எல்வின் ஜோன்ஸ். சுரங்களை மழையாகப் பொழிபவர் என்று பேர் பெற்ற கோல்ட்ரேன் இங்கே மெட்டை ஏறக்குறைய அப்படியே, அவசரமின்றி வாசிக்கிறார். வேறு மேடைகளில் இடியாக முழங்கும் எல்வின் ஜோன்ஸ் அடக்கி வாசிக்கிறார். ஒரு பெரியவர் பியானோவில் சில சுரங்களை மட்டும் வைத்துவிட்டு இடம் விட்டதும், மற்றவர்களின் வாசிப்பே மாறிவிட்டது. எனக்கு இதைவிடச் சிறந்த பாடம் கிடைத்ததில்லை.

இன்னொரு பதிவு, 1957 ஜனவரி 19. டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் குழுவில் முறையே பியானோ, பேஸ், டிரம்ஸ் வாசித்த ரெட் கார்லண்ட், பால் சேம்பர்ஸ், ஃபில்லி ஜோ ஜோன்ஸ் மூவரும் லாஸ் ஏஞ்சலிஸில் ஆல்டோ சாக்ஸபோன் கலைஞர் ஆர்ட் பெப்பருடன் ஒரே நாளில் ஓர் இசைத்தட்டை முடித்தார்கள். டேவிஸுடன் இவர்கள் வாசித்ததையும் இதையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். கைகள் அதே கைகள்தான்; போக்கு வேறு.

நம் கச்சேரிகளில் எதைக் கவனிப்பது? பேஸ் பெரும்பாலும் ஒரு பாருக்கு நான்கு சுரங்களாக நடந்துகொண்டே இருக்கும். டிரம்ஸ் கலைஞரின் வலக்கை ரைடு சிம்பல் என்னும் பெரிய உலோகத் தட்டில் தாளத்தை ஓட்டும். இடக்கை விருந்தினர் சொன்னதற்குப் பதில் சொல்லும். பியானோ கலைஞர் எங்கே கையை எடுத்துவிடுகிறார் என்று பாருங்கள். வாசிக்காமல் இருப்பதும் அங்கே ஒரு முடிவுதான்.

பாடகி வரும் கச்சேரியை நான் மிகவும் எதிர்பார்க்கிறேன். வாத்தியக்காரர்களுக்குப் பழகிய சுருதியில் அவர் பாடவேண்டியதில்லை. தன் குரலுக்கு ஏற்ற சுருதியைச் சொல்வார். பல ஆண்டுகளாக விரல்களில் ஊறிய பாட்டை மூவரும் அந்தக் கணமே இடம் மாற்றி வாசிக்க வேண்டும். அப்போது டிரம்ஸ் கலைஞர் குச்சிகளை வைத்துவிட்டு மென்மையாக ஒலிக்கும் கம்பி பிரஷ்களை எடுப்பார். வரிகளுக்கு இடையே பியானோ பேசும். வரியின் மேல் பேசாது.

தனிவாசிப்பு முடிந்ததும் பாட்டின் நடுவிலேயே கைதட்டலாம். அது ஜாஸ் மேடையின் மரபு. இன்னொரு வேண்டுகோள். ஒரு கச்சேரியோடு நின்றுவிடாதீர்கள், குறைந்தது இரண்டுக்காவது வாருங்கள். எல்லாக் கச்சேரிகளிலும் ஒரே புளூஸ் மெட்டை ஒருமுறை வாசிக்கும்படி குழுவினரைக் கேட்டேன். ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.