113 கைகளும் ஒரு கான் மண்ணெண்ணெயும்

(காட்சி: திருகோணமலை, திருக்கடலூர்க் கரை. விடியற்காலை. மணலில் ஏற்றிய படகுகள்.)

2022 ஓகஸ்ட் 21 நள்ளிரவு. மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்கு ஏறியது.

இந்தக் கரையின் சின்னப் படகுகளுக்கு மண்ணெண்ணெய்தான் உயிர். அதற்கு முன்பு பல வாரங்கள் விலை மலிவு, ஆனால் எண்ணெய் இல்லை. பெயின்ற்றால் பெயர் எழுதிய வெறும் கான்களைக் கயிற்றில் கோத்து, வரிசையில் இடம் பிடித்துவிட்டு, பக்கத்து மதில் நிழலில் குந்தியிருந்தார்கள். கடைசியில் எண்ணெய் வந்தபோது விலை கிட்டத்தட்ட நான்கு மடங்கு.

சரி, அந்த நேரம் நாட்டை ஆண்டது யார்?

(திரையில்: 225 / 113)

பாராளுமன்றத்தில் 225 ஆசனங்கள். பெரும்பான்மைக்கு 113. நம் மாவட்டத்துக்கு 4. ராஜபக்சக்களின் கட்சியான பொதுஜன பெரமுன 2020இல் 145 ஆசனங்களை வென்றது. அசைக்கவே முடியாது என்றார்கள். டொலர் வற்றியதும் அசைந்தது. 2022 ஏப்ரலில் அரசு பக்கத்திலிருந்து நாற்பதுக்கு மேற்பட்டோர் விலகி, சுயாதீனமாக இருப்போம் என்றார்கள். அதே மாதம் 12ஆம் திகதி, வெளிநாட்டுக் கடனைக் கட்டுவதை நிறுத்துவதாக அரசு அறிவித்தது.

மே 9 மகிந்த ராஜபக்ச பிரதமர் பதவியை விட்டார். கொழும்பிலிருந்து அவரைப் பாதுகாப்பாகக் கொண்டுவந்து வைத்தது இங்கே, நம் ஊர்க் கடற்படைத் தளத்தில். வாசலில் சனம் கூடியது.

அப்புறம் பிரதமரானவர் ரணில் விக்கிரமசிங்க. அவருடைய கட்சிக்கு இருந்தது ஒரேயொரு ஆசனம், அதுவும் தேசியப் பட்டியலில் கிடைத்தது. ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ச நாட்டை விட்டுப் போன பிறகு, ஜூலை 20 பாராளுமன்றம் 134 வாக்குகளால் ரணிலை ஜனாதிபதியாக்கியது. எதிர்த்து நின்று 82 வாக்கு எடுத்த டலஸ் அழகப்பெருமவும் பெரமுனக்காரர்தான். கட்சி அவ்வளவு பிளந்திருந்தது.

பலவீனமான கூட்டு சீக்கிரம் கவிழும் என்பார்கள். இது கவிழவில்லை. ஜனாதிபதிக்குச் சபையில் ஆள் இல்லை. ஆள் வைத்திருந்த பெரமுனக்காரர்களுக்கோ மக்கள் முகத்தில் விழிக்கத் தைரியமில்லை. தேர்தல் பயம்தான் இவர்களை ஒட்டவைத்த பசை என்பது என் கணிப்பு.

2023 மார்ச் 9 உள்ளூராட்சித் தேர்தல் நடந்திருக்க வேண்டும். காசில்லை என்று தள்ளிப்போட்டார்கள். பதினொரு நாளில், மார்ச் 20, சர்வதேச நாணய நிதியம் சுமார் 300 கோடி டொலர் கடனுக்கு ஒப்புதல் தந்தது. அதற்குப் பிறகும், 2025 மே வரை, உள்ளூராட்சித் தேர்தல் வரவில்லை.

(காட்சி: மீண்டும் கரை. ஒருவர் கானைத் தோளில் ஏற்றுகிறார்.)

இந்தக் கரைக்கு வாக்குச்சீட்டு வந்தது 2024 செப்ரெம்பர் 21இல், ஜனாதிபதித் தேர்தலுக்கு. மண்ணெண்ணெய் 340 ஆகி இரண்டு வருடமும் ஒரு மாதமும் கழித்து.